ருசி பார்த்த பாவம்

திரையில் தெரிந்த தன் மூத்திரப்பையைத் தங்கப்பழம் உற்றுப் பார்த்தார். போன வாரம் மாதிரியே இந்த வாரமும் ஒன்றும் அசையவில்லை. கறுப்புக் குளத்தில் மங்கலான வெள்ளைத் திட்டு ஒன்று ஒரே இடத்தில் அடைந்து கிடந்தது. அந்தத் திட்டு முழுக்க மோட்டார்கள், கோடிக்கணக்கில் இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அவை நீந்திப் போய், பையின் ஓரத்தில் முளைத்திருக்கும் கட்டிக்குள் நுழைந்து மருந்தை இறக்க வேண்டும். அவையோ கடையடைப்பு நாளில் பஸ் ஸ்டாண்டில் மாட்டிக்கொண்ட ஜனங்களைப் போலச் சும்மா நின்றன.

"ஓடுங்கல, ஓடித் தொலைங்கல" என்று படுத்தபடியே முணுமுணுத்தார் தங்கப்பழம்.

டாக்டர் பியூலா திரையை அணைத்தாள். அவள் முகத்தைப் பார்க்கவே அவருக்குப் பாவமாக இருந்தது. பாளையங்கோட்டைப் பெண், அவருக்கு மகள் வயதுதான் இருக்கும். படிப்பு முடித்த நாளிலிருந்து இந்த மோட்டார்களைத் தவிர வேறொன்றையும் அவள் வளர்க்கவில்லை என்று நர்சுகள் கேலி செய்வார்கள்.

"பெரிய டாக்டர் இன்னும் ஒரே ஒரு தடவைதான் தருவேங்கார், அண்ணாச்சி. அடுத்த வாரமும் ஓடலைன்னா, கட்டி பெருசாகிறதுக்குள்ள பையையே எடுத்திரணும்னு சொல்லிட்டார்."

"எடுத்தா?"

"வயித்தோரமா ஒரு துளை போட்டு, வெளியில ஒரு பை மாட்டுவாங்க. அதோட வாழ்றவங்க நிறைய பேர் இருக்காங்க. நல்லாவும் இருக்காங்க."

நல்லாத்தான் இருப்பார்கள். ஆனால் தங்கப்பழம் வாழ்நாள் முழுக்கக் கொதிக்கிற அண்டாவில் வயிறு உரச நின்ற மனிதர். அந்த வயிற்றில் ஒரு பை தொங்குவதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அதைவிடக் கொடுமை, மோட்டார் ஏன் ஓடவில்லை என்பது அவருக்கு மட்டும் தெரியும். முருகன் கணக்குத் தீர்க்கிறான். வேறென்ன?

விஷயம் இதுதான். ஆலங்குளம் தாண்டித் தென்காசிச் சாலையில் தங்கப்பழத்துக்குப் புரோட்டாக் கடை. ஆள் இல்லாமல் தானே ஓடும் பஸ்கள் வந்த பிறகு அந்தச் சாலையில் முக்கால்வாசிக் கடைகள் படுத்துவிட்டன, ஏனென்றால் டிரைவருக்கு ஓசிச் சாப்பாடு போட்டுப் பஸ்ஸை நிறுத்த வழியில்லை. தங்கப்பழத்தின் கடை மட்டும் படுக்கவில்லை. அங்கே வரும்போது பயணிகளே ஒற்றுமையாகப் பொத்தானை அமுக்கிப் பஸ்ஸை நிறுத்திவிடுவார்கள். எல்லாம் அவர் சால்னா செய்த வேலை.

மூத்திரத்தில் ரத்தம் வந்து, கட்டி என்று தெரிந்த மறுநாளே அவர் மனைவி செல்லக்கனி திருச்செந்தூருக்குப் போய்வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே அறிவித்தாள்.

"முருகன்கிட்ட நேந்துட்டு வந்திருக்கேன். உங்களுக்குச் சரியாகி, கோயிலுக்குப் போய் நீங்க முடி எடுக்குற வரைக்கும் நம்ம ரெண்டு பேருக்கும் கவிச்சி கிடையாது. முட்டையும் கவிச்சிதான், இப்பவே சொல்லிட்டேன்."

தங்கப்பழம் எதிர்த்துப் பேசவில்லை. அவளிடம் பேசி ஜெயித்த பழக்கம் அவருக்குக் கிடையாது. ஆனால் கடையில் ஒரு சிக்கல் இருந்தது. சால்னாவை ருசி பார்க்காமல் எப்படி இறக்குவது? உப்புக்கு ஒரு கரண்டி. குழம்பில் உப்பு சரி, கறியில் ஏறியிருக்கிறதா? அதற்கு ஒரு துண்டு. கால் வெந்துவிட்டது, நெஞ்சுக்கறி வெந்திருக்கிறதா? அதற்கு ஒன்று. மட்டன் அண்டாவிலும் இதே விசாரணை நடக்கும். விசாரணை முடியும்போது ஒரு முழுச் சாப்பாடு உள்ளே போயிருக்கும். அதைத் தின்றதாக அவர் நினைக்கவே இல்லை. தொழில் வேறு, தீனி வேறு.

அப்படி இருந்த நாட்களில்தான் அவரைப் பியூலாவிடம் அனுப்பினார்கள்.

"மோட்டாருன்னா வயரு, பெட்ரோல்லாம் வேணும்லா, டாக்டரம்மா?" என்று அன்று அவர் கேட்டார்.

"ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி. கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி உருண்டை. அது மேல நொதி ஒட்டியிருக்கும். பெட்ரோல் உங்ககிட்டயே இருக்கு. சிறுநீர்ல இருக்கிற யூரியாதான்."

"யூரியாவா? வயலுக்கு மூட்டை மூட்டையாப் போடுதோமே, அதா?" என்றாள் செல்லக்கனி.

"அதேதான், அக்கா. நாம சாப்பிடுற பருப்பு, மீனு, கறி எல்லாத்துலயும் புரதம் இருக்குல்லா? அது செரிச்ச பிறகு மிச்சம் விழுற கழிவு அது. நம்ம நொதி அந்த யூரியாவைப் பிடிச்சு உடைக்கும். உடைக்க உடைக்க அம்மோனியா வெளிய வரும். உருண்டை மேல நொதி ஒரு பக்கம் கூடுதலா, ஒரு பக்கம் கம்மியா ஒட்டியிருக்கா, கூடுதலா இருக்கிற பக்கத்துல தள்ளு அதிகமா இருக்கும். உருண்டை எதிர்ப்பக்கமா ஓடும். பஸ்ஸுல பின்னால இருக்கிறவன் இடிச்சா நாம முன்னால போறோம்லா, அந்த மாதிரி."

"உடைச்சு உடைச்சு அந்த நொதி தேஞ்சு போவாதா?"

"உங்க கடையில மாஸ்டர் மாவைப் புரோட்டாவா மாத்துதாரு. மாவு தீருது. மாஸ்டர் தீருதாரா?"

தங்கப்பழம் வயிறு குலுங்கச் சிரித்தார். "மாவு தீந்துட்டா மாஸ்டர் கையைக் கட்டிக்கிட்டு நிப்பான். அம்புட்டுதான்!"

பியூலாவும் சிரித்தாள். பிற்பாடு அந்தச் சிரிப்பை நினைத்து இரண்டு பேருமே தலையில் அடித்துக்கொண்டார்கள்.

அன்று அவருடைய சிறுநீரில் ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்து மோட்டார்களை விட்டாள். அவை பாய்ந்தன! சுற்றின, இடித்தன, ஒன்றை ஒன்று முந்தின. "இந்த மாதிரி ஓட்டத்தை நான் பார்த்ததே இல்ல, அண்ணாச்சி. இதுக்கு நொதி குறைச்சலாப் போட்டாலே போதும். அம்மோனியா அதிகமானா பை எரியும், உங்களுக்கு அந்தக் கவலையும் இல்ல" என்று குதித்தாள். மிச்ச மாதிரியைக் குளிர்பெட்டியில் பத்திரப்படுத்தி, அதற்கேற்ற அளவில் அவருக்கென்றே மோட்டார்களைச் செய்யச் சொன்னாள்.

அதே நாளில் இன்னொருத்தியும் வந்திருந்தாள். முக்கூடல் ஆவுடையம்மா. பீடி சுற்றுகிறவள். அவளுடைய சொட்டில் மோட்டார்கள் லேசாக நடுங்கிவிட்டுப் படுத்துக்கொண்டன. இவளுக்கு இந்த வைத்தியம் ஒத்துவராது என்று சொல்லிவிட்டார்கள். "என் தண்ணிக்குத் திராணி இல்லையாம், அண்ணாச்சி. உங்களுக்காவது வாய்ச்சுதே, நல்லா இருங்க" என்று வாயார வாழ்த்திவிட்டு, கையில் தூக்குவாளியோடு அவள் படியிறங்கிப் போனாள். அந்த வாழ்த்து தங்கப்பழத்தை என்னவோ செய்தது.

ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று, திருச்செந்தூர் எந்தப் பக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தத் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். 'எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்புறாவ. என்னை எடுத்துக்கிட்டாவ. இந்தத் திருட்டுப்பயலுக்கு இவ்வளவு செஞ்சிருக்கியே, முருகா! இனிமே ருசிகூடப் பாக்க மாட்டேன்.'

சொன்னபடியே நடந்தார். அண்டாப் பக்கமே போகவில்லை. ருசி பார்க்கும் பொறுப்பைக் கடைப் பையன்களிடம் விட்டதில் சால்னா ஒரு நாள் கடல்தண்ணீராகவும் ஒரு நாள் வெந்நீராகவும் இருந்தது. வீட்டில் மூன்று வேளையும் ரசஞ்சோறு, அப்பளம், ஊறுகாய். போதாக்குறைக்கு, மூத்திரம் சம்பந்தப்பட்ட எந்தக் கோளாறுக்கும் வாழைத்தண்டுதான் மருந்து என்பது செல்லக்கனியின் கட்சி. வாழைத்தண்டுச் சாறு, பார்லித் தண்ணீர், இளநீர் என்று செம்பு செம்பாக நீட்டுவாள். செய்த பாவத்துக்குப் பரிகாரமென்று நினைத்து அவரும் மடக் மடக்கென்று குடித்தார்.

இவ்வளவு ஒழுங்காக இருந்தும் மோட்டார் ஓடவில்லை என்றால், பழைய துண்டுகளை முருகன் மறக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

பியூலாவுக்கும் தலை சுற்றியது. ஓடாத மோட்டார்களிலிருந்தே கொஞ்சம் எடுத்துக் குளிர்பெட்டியில் இருந்த மாதிரியில் விட்டுப் பார்த்தாள். ஓடின, பேய் பிடித்த மாதிரி ஓடின. உருண்டையை மாற்றினாள், சூட்டை மாற்றினாள், செலுத்தும் குழாயை மாற்றினாள். வெளியே ஓடுகிறவை அவருக்குள்ளே போனால் மட்டும் நின்றன.

"என் பக்கம்தான் எங்கயோ தப்பு இருக்கு, அண்ணாச்சி. கண்டுபிடிக்கத் தெரியல. என்னை மன்னிச்சிருங்க" என்று அணைந்த திரைக்கு முன்னால் நின்று சொல்லி அவள் அழுதுவிட்டாள்.

தங்கப்பழத்தால் அதைத் தாங்க முடியவில்லை. தான் செய்த திருட்டுக்கு இந்தப் பிள்ளை அழுவதா? கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவியிடம் திரும்பினார்.

"கனி, நீ வெளிய போயி ஒரு காப்பி குடிச்சிட்டு வா."

"எனக்கு வேண்டாம்."

"எனக்கு வாங்கிட்டு வா."

"உங்களுக்குக் காப்பி கிடையாது. வாழைத்தண்டுச் சாறு இருக்கு." செல்லக்கனி நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

இனி தப்பிக்க முடியாது. தங்கப்பழம் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "டாக்டரம்மா, உங்க மோட்டார் மேல ஒரு தப்பும் இல்ல. இவ கோயில்ல நேந்துட்டு வந்தா, கவிச்சி தொடக் கூடாதுன்னு. நான் தொட்டேன். கடையில தெனமும் ருசி பாக்கேன் ருசி பாக்கேன்னு தின்னேன். கோழியும் தின்னேன், ஆடும் தின்னேன். அந்தக் கோவத்துலதான் முருகன் மோட்டாரை நிப்பாட்டிட்டான்."

செல்லக்கனியின் பக்கம் திரும்ப அவருக்குத் தைரியம் வரவில்லை.

பியூலா மெதுவாகக் கேட்டாள். "தெனமுமா?"

"தெனமும்."

"என்கிட்ட முதல்ல வந்தீங்களே, அப்பவும்?"

"அன்னைக்கி காலையில நெஞ்சுக்கறி."

"எப்போ நிறுத்துனீங்க?"

"நீங்க என்னைச் சேத்துக்கிட்ட அன்னையில இருந்து. சத்தியமா, ஒரு துண்டு தொடல."

"இப்போ என்ன சாப்பிடுறீங்க?"

"ரசஞ்சோறு. அப்புறம் செம்பு செம்பா வாழைத்தண்டு."

பியூலா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ ஆண்டவரே! பழைய மாதிரியைப் பெட்டியில வச்சுக்கிட்டு அதுலயே திரும்பத் திரும்பப் பார்த்தேனே. ஆளு மாறிட்டாருன்னு யோசிக்கவே இல்லையே!" என்று கத்திக்கொண்டே ஒரு குப்பியை அவர் கையில் திணித்தாள். "போங்க அண்ணாச்சி, போய்ப் பிடிச்சிட்டு வாங்க. ஓடுங்க!"

தங்கப்பழம் ஓடினார்.

புதுச் சொட்டு தண்ணீரைப் போலத் தெளிவாக இருந்தது. மோட்டார்கள் அதில் அசையவே இல்லை. பியூலா ஊசிமுனை அளவு யூரியாவைத் தொட்டு வைத்தாள். அடுத்த கணம் திரை முழுக்க அமளி.

பியூலா சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள். "முருகன் கோவிச்சுக்கிடல, அண்ணாச்சி. மாவு தீந்து போச்சு!"

தங்கப்பழத்துக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாள் நெஞ்சில் இருந்த பாரம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை.

செல்லக்கனி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அப்போ இவிய கள்ளத்தனமாத் தின்னப்போ ஓடுச்சு. ஒழுங்கா இருந்தப்போ நின்னுட்டு. அப்படித்தானே?"

"அப்படித்தான், அக்கா."

செல்லக்கனி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு சொல்லாமல் வாழைத்தண்டுச் சாற்றை ஜன்னல் வழியே தொட்டிச் செடியில் ஊற்றினாள்.

"அப்போ இன்னைக்கே ஒரு நாட்டுக்கோழி..." என்று தங்கப்பழம் ஆசையாக ஆரம்பித்தார்.

"யூரியாவை நீங்களே உள்ள ஊத்திர முடியாதா, டாக்டரம்மா?" என்று இடைமறித்தாள் செல்லக்கனி.

"அதுக்குத் தனியா அனுமதி வாங்கணும், அக்கா. மாசக்கணக்காகும். அண்ணாச்சி உடம்பே செஞ்சு கொடுக்கும். கோழிதான் வேணும்னு இல்ல. பருப்பு, பயறு, பால், மொச்சை, கொண்டைக்கடலை எது வேணா நல்லாச் சாப்பிடட்டும். தண்ணி தாகத்துக்கு மட்டும். உங்க நேர்ச்சையை நான் கெடுக்க மாட்டேன்."

தங்கப்பழத்தின் முகம் விழுந்ததைப் பார்த்துப் பியூலாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடுத்த முறை வரைக்கும் அவரை ஆஸ்பத்திரியிலேயே தங்க வைத்தார்கள். அது நவராத்திரி வாரம். ஆஸ்பத்திரி வாசலில் நர்சுகள் கொலு வைத்திருந்தார்கள். விஷயம் பரவியதும் சுண்டல் சட்டி நேரே அவர் அறைக்கே வர ஆரம்பித்தது. கடலை, மொச்சை, பட்டாணி என்று நாளுக்கு ஒன்று. சாமிக்குக் காட்டியதும் முதல் கிண்ணம் மோட்டாருக்குத்தான் என்று நர்சுகள் பாட்டாகவே பாடினார்கள். தங்கப்பழம் ஒவ்வொரு கிண்ணத்தையும் தின்றுவிட்டு, தேங்காய் போதாது, பெருங்காயம் கூடிப்போச்சு என்று தீர்ப்புச் சொன்னார்.

மூன்றாவது முறை மோட்டார்களை விட்டபோது அறையில் நிற்க இடமில்லை. பெரிய டாக்டரும் வந்து நின்றார். வெள்ளைத் திட்டு முதலில் சும்மா கிடந்தது. பிறகு அதன் ஓரம் லேசாகக் கலைந்தது. உலையில் அரிசி புரளுவதுபோல நடுவில் ஒரு புரளல். அடுத்து மொத்தத் திட்டும் உடைந்து, சுழன்று, பை முழுக்கப் பரவி, கட்டி இருந்த ஓரத்தில் போய் அப்பியது. யாரோ கை தட்டினார்கள். செல்லக்கனி அவர் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள். பெரிய டாக்டர் முன்னாலேயே கொடுத்தாள்.

அந்த ஆரவாரத்தில் பியூலா மட்டும் திடீரென்று பழைய நோயாளிகளின் பட்டியலை எடுத்துப் புரட்டினாள்.

"என்ன தாயி?" என்றார் தங்கப்பழம்.

"ஓட்டம் இல்லைன்னு எத்தனை பேரைத் திருப்பி அனுப்பிட்டேன், அண்ணாச்சி! அந்த முக்கூடல் அம்மா என்ன சாப்பிடுறாங்கன்னு நான் கேக்கவே இல்லையே. நல்லாச் சாப்பிட வழியிருக்கிறவங்களுக்கு மட்டும்தான் இந்த வைத்தியம்னு நானே ஆக்கி வச்சிருக்கேன்."

உடனே ஆவுடையம்மாவைப் போனில் பிடித்தாள். காலையில் கஞ்சி, மத்தியானம் கஞ்சியும் துவையலும், பொழுதுசாய மிச்சக் கஞ்சி என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. பியூலா போனை வைத்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அவியளுக்கு நேர்ச்சை ஒண்ணும் இல்லல்லா?" என்று கேட்டார் தங்கப்பழம்.

"இல்ல."

"அப்போ என்கிட்ட விட்டுருங்க."

மறுவாரமே ஆவுடையம்மா அவர் கடையில் வந்து உட்கார்ந்தாள். தங்கப்பழம் திரும்பவும் அண்டாப் பக்கம் நின்றார். தான் தொடாமல், கரண்டியில் ஒரு துண்டை எடுத்து அவள் இலையில் வைப்பார். "உப்பு பாருங்க, ஆவுடையம்மா." அவள் பார்ப்பாள். "ஒரு கல்லு கூடப் போடலாம், அண்ணாச்சி." இன்னொரு துண்டு வைப்பார். விசாரணை முடியும்போது அவளுக்கு ஒரு முழுச் சாப்பாடு உள்ளே போயிருக்கும். சால்னாவும் பழைய சால்னா ஆயிற்று. அவளுடைய மோட்டார்கள் கிளம்பின அன்று பியூலா போன் செய்து கத்திய சத்தம் கல்லாவரைக்கும் கேட்டது. திருப்பி அனுப்பிய மற்றவர்களையும் ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். முதலில் கேட்கிற கேள்வியே இப்போது, 'சாப்பிட்டீங்களா, என்ன சாப்பிட்டீங்க' என்பதுதானாம்.

தை பிறந்தபோது தங்கப்பழத்தின் பையில் கட்டி இருந்த இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. சுத்தம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

திருச்செந்தூரில் முடி எடுத்து, கடலில் முங்கி, சந்தனம் பூசிய தலையோடு அவர் கரையில் வந்து உட்கார்ந்தார். செல்லக்கனி அவர் முதுகைத் துவட்டிக்கொண்டே, கோபுரத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்லணும். சாமி முன்னாலயே சொல்லிருதேன். வையக் கூடாது."

"சொல்லு."

"நான் நேந்தது எனக்கு மட்டும்தான். இவிய பிழைச்சு வந்தா போதும், நான் வாயைக் கட்டுதேன்னுதான் சொன்னேன். உங்களைச் சேக்கவே இல்ல."

தங்கப்பழம் திரும்பிப் பார்த்தார்.

"வீட்டுக்கு வரும்போதுதான் யோசனை வந்துச்சு. நான் ரசஞ்சோறு பிசைஞ்சுக்கிட்டு இருக்கையில, நீங்க எதுக்க உக்காந்து நெத்திலிய மொறு மொறுன்னு கடிச்சா என் வைராக்கியம் நிக்குமா? அதான் ரெண்டு பேருக்கும்னு சொல்லிட்டேன்."

"அப்போ நான் தின்னது..."

"பாவமே இல்ல." அவள் துண்டை மடியில் வைத்தாள். முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். "அதை நினைச்சாத்தான் எனக்குப் பதறுது. என் பொய்யை நம்பி நீங்க ஒழுங்கா இருந்திருந்தா, முதல் நாளே உங்க தண்ணியிலயும் ஓடியிருக்காது. நாமளும் அன்னைக்கே படியிறங்கி வந்திருப்போம். நீங்க என்னை ஏமாத்துனதாலதான் நான் உங்களை ஏமாத்துனது பலிக்காமப் போச்சு."

தங்கப்பழம் அவளையே பார்த்தார். பிறகு தொடங்கினார் பாருங்கள் ஒரு சிரிப்பு! கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். சந்தனம் காய்ந்து உதிர உதிரச் சிரித்தார். அழுதுகொண்டிருந்த செல்லக்கனிக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது.

திரும்பும் வழியில் திருநெல்வேலிச் சாலையில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடை முன்னால் தங்கப்பழமே பொத்தானை அமுக்கிப் பஸ்ஸை நிறுத்தினார். இரண்டு இலை போட்டார்கள். வறுத்த சீலா அவர் இலைக்கு முதலில் வந்தது. இத்தனை மாதத்துக்குப் பிறகு, ஆளைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி ஒரு நடுத்துண்டு. அவர் கையை நீட்டுவதற்குள் செல்லக்கனியின் கை குறுக்கே வந்து, அந்தத் துண்டைத் தன் இலைக்குத் தூக்கிக்கொண்டு போனது.

"ஏட்டி!"

"சும்மா இருங்க" என்றாள் செல்லக்கனி, வாய் நிறைய வைத்துக்கொண்டு. "ருசி பாக்கேன்."